யூதப் பண்டிகைக் காலத்தில் புனித நாட்டுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எருசலேமுக்கு ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்ற ஏக்கம் நம் சபைகளில் பலருக்கு உண்டு. டிக்கெட் எடுக்கும்போது விலையைப் பார்க்கிறோம், வெயில் காலமா என்று பார்க்கிறோம், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்க்கிறோம். யூதக் காலண்டரைப் புரட்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அங்கே பஸ் ஓடுவதும், கடை திறப்பதும், ஒரு நாள் விமான நிலையமே மூடப்படுவதும் அந்தக் காலண்டரின்படிதான். நாம் பார்க்கப் போகும் வேத இடங்களில் பலவற்றுக்கும் ஏதோ ஒரு பண்டிகையோடு தொடர்பு உண்டு. அதனால்தான் பண்டிகைகளையும் இடங்களையும் சேர்த்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

பண்டிகைத் தேதிகள் ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன?

யூத மாதங்கள் சந்திரனைப் பின்பற்றுகின்றன. ஆனால் பஸ்கா எப்போதும் வசந்த காலத்தில்தான் வர வேண்டும் என்பது தோராவின், அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களின், கட்டளை. வெறும் சந்திர ஆண்டாக விட்டுவிட்டால் பண்டிகை பருவம் தவறி நகர்ந்துவிடும். எனவே 19 ஆண்டுகளில் 7 முறை ஆதார் என்னும் மாதத்தை இரண்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டுப் பஞ்சாங்கங்களில் அதிக மாதம் வருவதும் இதே காரணத்தால்தான்.

இதனால் ஈஸ்டரும் பஸ்காவும் சில ஆண்டுகளில் ஒட்டியே வரும், சில ஆண்டுகளில் விலகிப்போகும். 2026-இல் பஸ்கா ஏப்ரல் 1 மாலையில் தொடங்குகிறது, ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027-இலோ ஈஸ்டர் மார்ச் 28-இலேயே வந்துவிடுகிறது. பஸ்கா ஏப்ரல் 21 மாலையில்தான் தொடங்குகிறது. "ஈஸ்டருக்குப் போனால் பஸ்காவையும் பார்த்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். யூதர்களுக்கு நாள் என்பது சூரியன் மறையும்போது தொடங்குகிறது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் சாயங்காலம் முதலிலும் விடியற்காலம் பிறகும் வருவது நினைவிருக்கும். காலண்டரில் திங்கட்கிழமை என்று அச்சிட்டிருக்கும் பண்டிகை, ஞாயிறு மாலையிலேயே தொடங்கிவிடும். பஸ்ஸும் கடையும் அதற்குச் சில மணி நேரம் முன்பே நின்றுவிடும்.

ஓய்வுநாளில் நாங்கள் என்ன செய்வது? அறையிலேயே முடங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் திட்டம் போட வேண்டும். வெள்ளி மாலை முதல் சனிக்கிழமை இருட்டும் வரை யூதப் பகுதிகளில் கடைகளும் பெரும்பாலான உணவகங்களும் மூடியிருக்கும். ரயில் ஓடாது. எருசலேமின் டிராமும், நாட்டின் பெரும்பாலான பஸ்களும் ஓடா. இஸ்ரேலின் தேசிய விமான நிறுவனமான எல் அல் அன்று விமானங்களை இயக்குவதில்லை. ஹோட்டலில் ஒரு லிஃப்ட் பொத்தானை அழுத்தாமலே ஒவ்வொரு தளத்திலும் தானாக நின்று நின்று போகும். மின்பொத்தானை அழுத்துவதும் வேலை என்று கருதப்படுவதால் இந்த ஏற்பாடு. பழுதென்று நினைத்துப் புகார் செய்ய வேண்டாம்.

பழைய நகரத்தின் கிறிஸ்தவ, முஸ்லிம் பகுதிகள் அன்றும் வழக்கம்போல இயங்கும். சிலுவைப் பாதை, திருக்கல்லறை ஆலயம், ஒலிவமலை ஆகியவற்றைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். தமஸ்கு வாசல் அருகிலிருந்து புறப்படும் அரபு பஸ்கள் சனிக்கிழமையும் ஓடுகின்றன. மசாதா, கும்ரான் போன்ற தேசியப் பூங்காக்களும் சனிக்கிழமை திறந்திருக்கும். வெள்ளிக்கிழமையும் பண்டிகைக்கு முந்தின நாளும் சீக்கிரமே மூடிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் எருசலேமில் இருந்தால் மகானே யெகூதா சந்தைக்குப் போங்கள். ஓய்வுநாளுக்கான பின்னல் ரொட்டி, மீன், மாதுளை, பூங்கொத்து என்று ஊரே அங்கே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். நேரம் ஆக ஆகக் கடைக்காரர்கள் கூவிக்கூவி விலையைக் குறைப்பார்கள். பிறகு ஒவ்வொன்றாக ஷட்டர் இறங்கும். சூரியன் மறைவதற்கு ஏறக்குறைய 40 நிமிடங்கள் முன்பு, வீடுகளில் விளக்கேற்றும் நேரத்தை அறிவிக்க, நகரம் முழுவதும் சைரன் ஒலிக்கும். முதல்முறை கேட்பவர்கள் பதறிப்போகிறார்கள். ஒரே சீராக ஒலித்தால் அது ஓய்வுநாள் அறிவிப்பு.

இந்த வழக்கத்தின் வேர் மிகப் பழையது. தேவாலயம் இருந்த காலத்தில் அதன் மதில் மூலையிலிருந்து ஓர் ஆசாரியர் எக்காளம் ஊதி ஓய்வுநாளை அறிவித்தார் என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதியிருக்கிறார். அந்த மூலையைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கல் 1968-இல் பென்யமின் மசார் நடத்திய அகழாய்வில் கிடைத்தது. "எக்காளம் ஊதும் இடத்திற்கு" என்று எபிரெய எழுத்தில் அதில் செதுக்கியிருக்கிறது. அசல் கல் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பாவநிவாரண நாளில் பயணம் செய்யலாமா?

யோம் கிப்பூர் எனப்படும் இந்த உபவாச நாளில் பயணம் என்பதே கிடையாது. விமான நிலையம் மூடப்படும், எல்லைச் சாவடிகள் மூடப்படும், வானொலியும் தொலைக்காட்சியும் நின்றுவிடும். ஆம்புலன்ஸ் தவிர வண்டியே இல்லாத நெடுஞ்சாலையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். 2026-இல் அந்த நாள் செப்டம்பர் 20 மாலையில் தொடங்கி 21 இரவு வரை. உங்கள் விமானம் அந்தத் தேதியை ஒட்டி இருந்தால் முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

அங்கே இருக்கும்படி அமைந்தால் அதைக் கஷ்டமாக நினைக்க வேண்டாம். உங்களை யாரும் உபவாசம் இருக்கச் சொல்ல மாட்டார்கள். ஹோட்டலில் ஏதாவது கிடைக்கும். பழமும் ரொட்டியும் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது. யூதத் தெருக்களில் நடந்துகொண்டே சாப்பிடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பிற்பகலில் ஜெப ஆலயங்களில் யோனாவின் புத்தகத்தை வாசிப்பார்கள். லேவியராகமம் 16-ஐ அன்று அந்த அமைதியில் படித்தால் தெரியும், நாம் எவ்வளவு அவசரமாக அந்த அதிகாரத்தைத் தாண்டிப் போயிருக்கிறோம் என்று.

பஸ்காவின்போது ரொட்டியே கிடைக்காதாமே?

யூதக் கடைகளில் கிடைக்காது. இஸ்ரேலில் பஸ்கா 7 நாள். புளித்த மாவில் செய்த எதையும் அந்த நாட்களில் யூதர்கள் உண்பதில்லை, வீட்டில் வைத்திருப்பதும் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி, பிஸ்கட், பீர் இருக்கும் அலமாரிகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுவார்கள். ஹோட்டல் காலை உணவில் மெல்லிய, மொறுமொறுப்பான மட்சா அப்பம்தான் வரும். தமஸ்கு வாசலைச் சுற்றியுள்ள அரபுக் கடைகளிலும் பெத்லகேமிலும் ரொட்டி தாராளமாகக் கிடைக்கும். அங்கே வாங்கிச் சாப்பிடுவதில் தவறில்லை. யூத ஹோட்டலின் உணவுக் கூடத்துக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள். பஸ்காவுக்காக அந்தச் சமையலறையைச் சுத்தம் செய்யப் பல நாள் உழைத்திருப்பார்கள்.

முதல் நாளும் ஏழாம் நாளும் ஓய்வுநாளைப் போன்றவை. இடைப்பட்ட நாட்களில் பஸ் ஓடும். ஆனால் நாடே விடுமுறையில் இருப்பதால் எங்கேதி, மசாதா போன்ற இடங்களில் கூட்டம் அலைமோதும். காலை ஏழெட்டு மணிக்கே போய்விடுவது நல்லது.

இந்த இடைநாட்களில், தேவாலய மலையைத் தாங்கும் பழைய மதிலான மேற்குச் சுவரில் நடக்கும் ஆசாரிய ஆசீர்வாதத்தைத் தவறவிடாதீர்கள். கூடாரப் பண்டிகையிலும் இது உண்டு. ஆரோனின் வம்சத்தார் நூற்றுக்கணக்கில் ஜெபச் சால்வையைத் தலைமேல் போர்த்தி, கைகளை உயர்த்தி, எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தின் அந்த மூன்று வசனங்களைச் சொல்லுவார்கள். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று நம் ஊர் ஆராதனையின் முடிவில் போதகர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அதே வார்த்தைகள் எபிரெயத்தில் ஆயிரமாயிரம் பேர்மேல் சொல்லப்படும்போது கண் கலங்காமல் இருப்பது கடினம். இதே ஆசீர்வாதம் எழுதிய இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்கள் 1979-இல் இன்னோம் பள்ளத்தாக்கின் மேலுள்ள ஒரு கல்லறையில் கிடைத்தன. சாலொமோனின் தேவாலயம் நின்றிருந்த காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை என்று பல அறிஞர்கள் கணிக்கிறார்கள். வேத வசனங்கள் எழுதப்பட்டு நம் கைக்குக் கிடைத்தவற்றில் இவையே மிகப் பழையவை. இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சவக்கடல் சுருள்களைப் பார்க்க ஓடுகிற பலரும் இவற்றைக் கவனிக்காமல் வந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆட்டுக்குட்டி பலியிடும் பஸ்கா இன்றும் எங்காவது உண்டா?

உண்டு, ஆனால் யூதர்களிடம் அல்ல. நாப்லுஸ் அருகே கெரிசீம் மலையில் சமாரியர்கள் இன்றும் பஸ்கா ஆடுகளைப் பலியிட்டு, குழிகளில் சுட்டு, இரவில் உண்கிறார்கள். எண்ணிக்கையில் ஆயிரத்துக்கும் குறைவான மக்கள். அவர்களின் காலண்டர் தனி. யூதப் பஸ்காவோடு எல்லா ஆண்டும் ஒத்துவராது. யோவான் 4-இல் அந்தப் பெண் "இந்த மலை" என்று சுட்டியது இதைத்தான். யாக்கோபின் கிணறும் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. நாப்லுஸ் பகுதியின் நிலைமையை விசாரிக்காமல் மட்டும் புறப்பட வேண்டாம்.

யூத வீட்டில் பஸ்கா இரவு விருந்தில் நாங்கள் கலந்துகொள்ள முடியுமா?

அழைத்தால் போங்கள், சந்தோஷமாகப் போங்கள். அந்நியரை மேசைக்கு அழைப்பது அந்த இரவின் மரபு. நல்ல உடை உடுத்திக்கொண்டு, பசியோடும் பொறுமையோடும் போக வேண்டும். யாத்திராகமக் கதையைச் சொல்லி, கேள்வி கேட்டு, பாடி முடித்துச் சாப்பாடு வர வெகு நேரம் ஆகும். ஒயின் அல்லது பூ கொண்டுபோகலாம். ஒயின் என்றால், யூத உணவு விதிக்கு உட்பட்டது என்னும் கோஷர் முத்திரையும் பஸ்காவுக்கு உகந்தது என்ற குறிப்பும் இருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். இனிப்போ வீட்டுப் பலகாரமோ வேண்டாம்.

சில பயணக் குழுக்கள் ஹோட்டலில் தாங்களாகவே "பஸ்கா விருந்து" நடத்தி, அதன் ஒவ்வொரு பொருளுக்கும் கிறிஸ்தவ விளக்கம் சொல்லுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்று நடக்கும் முறை பெரும்பாலும் தேவாலயம் இடிந்த பிறகு ரபீக்கள் என்னும் யூத மத போதகர்களின் காலத்தில் உருவானது. பிறர் வீட்டுப் பூஜையை நாம் எடுத்து நடத்துவதைவிட, அவர்கள் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து கேட்பதே மரியாதை. கற்றுக்கொள்வதும் அப்போதுதான் அதிகம். ஜெப ஆலயங்களுக்கும் இதே நியாயம்தான். முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள், போட்டோ எடுக்காதீர்கள், துண்டுப் பிரசுரங்களை அறையிலேயே வைத்துவிடுங்கள்.

கூடாரப் பண்டிகையில் என்ன பார்க்கலாம்?

பாவநிவாரண நாள் முடிந்த அன்று இரவே சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கும். பால்கனி, மொட்டை மாடி, உணவக வாசல், நடைபாதை என்று எங்கும் கூடாரங்கள் எழும்பும். கூரைக்கு ஓலையும் கிளையும்தான் போட வேண்டும். இரவில் நட்சத்திரம் தெரியும்படி இடைவெளி விடுவார்கள். 7 நாளும் சாப்பாடு அதற்குள்தான். சிலர் தூங்குவதும் அதிலேதான்.

பண்டிகைக்கு முந்தின நாட்களில் நால்வகைத் தாவரங்களை விற்கும் சந்தை கூடும். லேவியராகமம் 23:40-இல் சொல்லியிருப்பவை: பேரீச்சங்குருத்து, மிருதுச் செடியின் கிளை, ஆற்றலரிக் கிளை, எத்ரோக் என்னும் எலுமிச்சை இனக் கனி. கறுப்புக் கோட்டு அணிந்த முதியவர் ஒருவர் பெட்டியிலிருந்து எத்ரோக்கை எடுப்பார். பஞ்சு உறையைப் பிரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பூதக்கண்ணாடியை எடுத்துத் தோலில் கரும்புள்ளி இருக்கிறதா, நுனிக் காம்பு ஒடியாமல் இருக்கிறதா என்று ஆராய்வார். பிடிக்காமல் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். கடைக்காரரும் அவசரப்படுத்த மாட்டார். குறையில்லாததைத்தான் கர்த்தருக்குச் செலுத்த வேண்டும் என்ற லேவியராகமத்தின் கண்டிப்பை இவ்வளவு கண்கூடாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சகல ஜாதிகளும் கூடாரப் பண்டிகையை ஆசரிக்க எருசலேமுக்கு வருவார்கள் என்னும் சகரியா 14:16-ஐ முன்னிட்டு, எருசலேமிலுள்ள சர்வதேசக் கிறிஸ்தவத் தூதரகம் என்னும் அமைப்பு 1980 முதல் இந்தப் பண்டிகையைக் கிறிஸ்தவர்களுக்காக நடத்திவருகிறது. பல நாட்டுக் குழுக்கள் கொடிகளோடு எருசலேம் ஊர்வலத்தில் நடக்கின்றன. அதற்காகவே போகிறவர்கள் உண்டு. அதில் கலந்துகொண்டாலும் இரண்டு மாலைகளையாவது தெருக்களுக்கென்று ஒதுக்குங்கள்; பண்டிகை அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பண்டிகையோடு எந்த வேத இடத்தைச் சேர்த்துப் பார்ப்பது?

சீலோவாம் குளம். தேவாலயக் காலத்தில் கூடாரப் பண்டிகை நாட்களில் ஆசாரியர்கள் இங்கிருந்து பொற்பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு, ஊர்வலமாக ஏறிப் போய்ப் பலிபீடத்தில் ஊற்றினார்கள் என்று ரபீக்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்லுகிறது. பண்டிகையின் கடைசி நாளில் இயேசு எழுந்து நின்று, "ஒருவன் தாகமாயிருந்தால் என்னிடத்தில் வந்து, பானம்பண்ணக்கடவன்" என்று சத்தமிட்டது (யோவான் 7:37) இந்தச் சடங்கை வாரம் முழுவதும் பார்த்திருந்த கூட்டத்திடம்தான். அதே பண்டிகையை அடுத்துத்தான் பிறவிக்குருடனை அதே குளத்தில் கழுவும்படி அவர் அனுப்புகிறார். 2004-இல் ஒரு கழிவுநீர்க் குழாய் வேலையின்போது அக்காலத்துக் குளத்தின் கற்படிகள் வெளிப்பட்டன. அதற்கு முன்பு நெடுங்காலமாகக் காட்டப்பட்டது பிற்காலத்துச் சிறிய குளம்.

குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் எசேக்கியாவின் சுரங்கத்தில் நடந்தே வரலாம். அசீரியர் முற்றுகையை எதிர்பார்த்து வெட்டியது. 2 இராஜாக்கள் 20:20 இதைக் குறிப்பிடுகிறது. நீளம் 533 மீட்டர். தொடக்கத்தில் தண்ணீர் தொடைவரை வரும், பிறகு முழங்காலுக்குக் கீழே இறங்கும். டார்ச்சும், நனைந்தால் பரவாயில்லாத செருப்பும் வேண்டும். சில இடங்களில் தோள் இரண்டு பக்கமும் உரசும். இரண்டு முனைகளிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தவர்கள் நடுவில் சந்தித்தார்கள். பாறையில் உளித் தடங்களின் திசை மாறும் அந்த இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். சந்தித்த கதையைச் சொல்லும் கல்வெட்டு 1880-இல் கண்டுபிடிக்கப்பட்டு, இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருட்டும் நெருக்கமும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பக்கத்திலேயே தண்ணீரில்லாத கானானியர் காலத்துச் சுரங்கம் உண்டு.

அடுத்ததாகத் தேவாலய மலையின் தெற்குப் படிக்கட்டுகளுக்குப் போங்கள். அகலமான படி, குறுகலான படி என்று மாறி மாறி அமைந்திருப்பதால் ஓட முடியாது, நிதானமாகத்தான் ஏற முடியும். பஸ்கா, பெந்தெகொஸ்தே, கூடாரப் பண்டிகை என்று ஆண்டுக்கு மூன்றுமுறை ஏறி வந்த ஜனங்கள் நடந்த படிகள் இவை; புதுப்பித்த படிகளுக்கு நடுவே பழைய கல் தனியாகத் தெரியும். சங்கீதம் 120 முதல் 134 வரையுள்ள 15 ஆரோகண சங்கீதங்களையும் அங்கே உட்கார்ந்து வாசிக்க அரை மணி நேரம் போதும். படிகளின் ஓரத்தில் சுத்திகரிப்புக் குளியல் தொட்டிகள் பல இருக்கின்றன. பெந்தெகொஸ்தே நாளில் 3000 பேர் ஞானஸ்நானம் பெற்றது இப்படிப்பட்ட தொட்டிகளில் இருக்கலாம் என்பது ஓர் ஊகம், நிரூபணம் இல்லை. வழிகாட்டி உறுதியாகச் சொன்னாலும் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுக்கா, பூரீம் நாட்களில் பயணம் தடைப்படுமா?

தடைப்படாது. இரண்டிலும் பஸ்ஸும் கடையும் பெரும்பாலும் வழக்கம்போல இயங்கும். அனுக்கா 8 நாள், குளிர்காலம். யோவான் 10:22 சொல்லும் தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை இதுதான். எருசலேமின் பழைய யூதத் தெருக்களில் வீட்டு வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் எண்ணெய் விளக்கு எரியும். எஸ்தரின் காலத்து விடுதலையை நினைக்கும் பூரீமை மற்ற ஊர்கள் ஆதார் 14-இல் கொண்டாட, எருசலேம் 15-இல் கொண்டாடுகிறது. எஸ்தர் 9-ஆம் அதிகாரத்தில் இதற்கான காரணம் இருக்கிறது.

மேற்குச் சுவரிலும் தேவாலய மலையிலும் என்ன ஒழுங்கு?

மேற்குச் சுவரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். ஆண்கள் தலையை மூட வேண்டும்; தொப்பி அங்கேயே கிடைக்கும். ஓய்வுநாளிலும் பண்டிகை நாளிலும் போட்டோ எடுப்பதும் எழுதுவதும் கூடாது. எனவே ஜெபக் குறிப்பை முன்னதாகவே எழுதிக்கொண்டு போங்கள். கல்லிடுக்கில் வைக்கும் சீட்டுகளை ஆண்டுக்கு இருமுறை எடுத்து, ஒலிவமலையில் அடக்கம் செய்கிறார்கள்.

தேவாலய மலை இன்று முஸ்லிம்களின் புனித வளாகம். முஸ்லிம் அல்லாதவர்கள் ஒரே ஒரு வாசல் வழியாக, ஞாயிறு முதல் வியாழன் வரை, குறிப்பிட்ட நேரத்தில்தான் நுழையலாம். வேதாகமத்தைக் கொண்டுபோகக் கூடாது, சத்தமாக ஜெபிக்கக் கூடாது, பாடக் கூடாது. தோளும் காலும் மூடிய உடை வேண்டும். இதில் நம் குழுக்களில் சிலர் பிடிவாதம் பிடிப்பதுண்டு. ஒருவரின் பிடிவாதம் மொத்தக் குழுவையும் வெளியே அனுப்பிவிடும்.

பெத்லகேம், எரிகோ, எபிரோன் போவது எப்படி?

பெத்லகேமும் எரிகோவும் பாலஸ்தீன அதிகார சபையின் கீழ் உள்ளவை. யூதப் பண்டிகைகளால் அங்கே கடையடைப்பு இல்லை. ஆனால் இஸ்ரேலின் முக்கியப் பண்டிகைகளின்போது சோதனைச் சாவடிகள் மூடப்படுவதுண்டு, அன்றன்று விசாரித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஆபிரகாமின் குடும்பக் கல்லறையான எபிரோனின் மக்பேலா குகைமேல் உள்ள கட்டடம் மசூதியாகவும் ஜெப ஆலயமாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டில் 10 நாள் முழுவதும் யூதர்களுக்கும், 10 நாள் முழுவதும் முஸ்லிம்களுக்கும் ஒதுக்கப்படும்.

விசா, மானியம், பாதுகாப்பு?

இந்தியர்களுக்கு விசா தேவை. இஸ்ரேல் அலுவலகங்கள் யூத விடுமுறைகளில் மூடியிருக்கும். செப்டம்பர், அக்டோபர் பயணத்துக்கு மிக முன்னதாகவே விண்ணப்பியுங்கள். தமிழக அரசு கிறிஸ்தவர்களின் எருசலேம் புனிதப் பயணத்துக்கு மானியம் வழங்குகிறது. தகுதியையும் தொகையையும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்க்க வேண்டும்.

2023 அக்டோபர் 7 தாக்குதலும் அதைத் தொடர்ந்த போரும் அந்த மண்ணில் இருபுறமும் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்துவிட்டன. தாக்குதல் நடந்த நாளே கூடாரப் பண்டிகைக் காலத்தின் கடைசி நாள்தான். நிலைமை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். போர் ஏற்பட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்களா என்பதைப் பயண நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஒரே ஒரு பண்டிகைக்குத்தான் போக முடியும் என்றால் எது?

கூடாரப் பண்டிகை. பஸ்காவின் முதல் இரவு வீட்டுக்குள் நடக்கிறது, அழைப்பில்லாமல் பார்க்க முடியாது. கூடாரப் பண்டிகை தெருவில் நடக்கிறது. மழை பெரும்பாலும் இன்னும் தொடங்கியிருக்காது, கோடை வெயிலும் தணிந்திருக்கும். 2026-இல் செப்டம்பர் 25 மாலையில் தொடங்குகிறது. 2027-இல் அக்டோபர் 15 மாலையில். முதல் நாளையும், ஏழு நாள் முடிந்து வரும் எட்டாம் நாளையும் நடந்தே போகக்கூடிய இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கலிலேயாவை இடைநாட்களில் வைத்தால் கூட்டத்தில் சிக்குவீர்கள். பண்டிகைக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளலாம். எருசலேம் அறை வாடகை அந்த வாரத்தில் கடுமையாக ஏறும். பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள், பழைய நகரத்துக்கு நடக்கும் தூரத்தில் பாருங்கள்.